ஓசூர் வளரும் வேகத்துக்குத் தீயணைப்புப் பணி ஈடுகொடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரின் குடியிருப்போர் நலச் சங்கங்களிலும் அடுக்குமாடி வளாகங்களிலும் தீ விபத்து பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. தீயணைப்பு வண்டியைப் பற்றிக் கேட்டால் தெருவின் அகலம், ஏரிக்கரை, கட்டட வரைபடம் என்று விடை நீள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வளரும் ஊரில் ஒரு தீ எவ்வளவு பெரிதாகும் என்பது, அது பற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் ஒப்புதல் தரும் மேசையில் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம்.

ஓசூரின் வளர்ச்சிக்கும் தீயணைப்புத் துறைக்கும் என்ன தொடர்பு?

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது ஓசூர் ஒரு சிற்றூர். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1992இல் நகராட்சியாக இருந்த ஊர், 2019இல் மாநகராட்சியாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் மட்டும் 1,16,821 பேர் இருந்தனர். அதன் பிறகு சூசூவாடி, மத்திகிரி போன்ற பகுதிகளும் சேர்ந்து, இன்று மாநகராட்சி 45 வார்டுகளுடன் ஏறத்தாழ 72 சதுர கிலோமீட்டரில் விரிந்து கிடக்கிறது.

மக்கள்தொகை கூடியதைவிட, எரியக்கூடிய பொருளின் தன்மை மாறியதுதான் தீயணைப்புப் பணியைக் கடினமாக்கியிருக்கிறது. முன்பு வந்த அழைப்புகளில் வைக்கோல் போரும் கூரை வீடும் பெரும்பங்கு. இப்போது அவற்றோடு ரசாயனக் கிடங்கு, பிளாஸ்டிக் கழிவுக் குடோன், பாலித்தீன் போர்த்திய ரோஜாப் பசுமைக் குடில், பேட்டரி, பத்து மாடிக் குடியிருப்பு ஆகியவையும் சேர்ந்துகொண்டன. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் அணைக்கும் முறை வேறு, வேண்டிய கருவி வேறு.

ஓர் ஊருக்கு எத்தனை தீயணைப்பு நிலையங்கள் வேண்டும் என்பதற்கு அளவுகோல் உண்டா?

உண்டு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1955இல் அமைக்கப்பட்ட நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு, நகர்ப்புறத்தில் அழைப்பு வந்த 5 முதல் 7 நிமிடங்களுக்குள்ளும் கிராமப்புறத்தில் 20 நிமிடங்களுக்குள்ளும் வண்டி சென்று சேர வேண்டும் என்று பரிந்துரைத்துள்ளது. பரப்பளவைக் கொண்டு சொன்னால், நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் தேவை. இதை ஓசூர் மாநகராட்சிக்குப் பொருத்திப் பார்த்தால் ஏழு நிலையங்கள் என்ற கணக்கு வருகிறது. அந்த எண்ணிக்கையை ஓசூர் எட்டவில்லை. இந்தியாவில் பெரும்பாலான நகரங்களும் எட்டவில்லை.

ஐந்து நிமிடம் என்பது ஏதோ ஒரு வட்டமான எண்ணாகக் குறிக்கப்பட்டதும் அன்று. ஃபோம் மெத்தையும் சோஃபாவும் நிறைந்த இன்றைய கூடத்தில் பற்றிய தீ, ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதையும் ஒரே வீச்சில் பற்றவைக்கும் வெப்பநிலையை அடைந்துவிடக்கூடும். அதன் பிறகு வரும் வண்டி அந்த வீட்டைக் காப்பாற்றுவதைவிடப் பக்கத்து வீட்டைக் காப்பாற்றுவதில்தான் கவனம் செலுத்த வேண்டியிருக்கும்.

பணம் முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரையின்படி, மாநிலங்களில் தீயணைப்புப் பணியை விரிவுபடுத்தவும் நவீனப்படுத்தவும் 5,000 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டத்தை மத்திய அரசு 2023இல் தொடங்கியது. ஆனால் நிலையம் கட்ட நகருக்குள் இடம் வேண்டும். மனை விலை சதுர அடிக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும் ஊரில், மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும்போதே பொது ஒதுக்கீட்டு நிலத்தில் தீயணைப்பு நிலையத்துக்கென்று ஒரு பங்கைக் குறித்து வைக்காவிட்டால், பிற்பாடு நிதி வந்தாலும் நிலையம் ஊருக்கு வெளியேதான் அமையும்.

தீ பற்றினால் 101ஐ அழைப்பதா, 112ஐ அழைப்பதா?

இரண்டில் எது முதலில் கிடைக்கிறதோ அதை அழைக்கலாம். 101 தீயணைப்புக்கென்றே உள்ள எண்; 112 காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய அனைத்துக்குமான பொது அவசர எண். காயம்பட்டவர் இருந்தால் 108ஐயும் தனியே அழைத்துவிடுவது நல்லது.

ஓசூருக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. சூசூவாடி, பாகலூர் சாலை, பேரிகை போன்ற எல்லையோரப் பகுதிகளில் கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்து, அழைப்பு கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவும் கூடும். ஆகவே, “தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்” என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அடுத்து, எரிவது வீடா, கடையா, குடோனா, வாகனமா என்பதையும், உள்ளே ஆள் சிக்கியிருக்கிறாரா என்பதையும், அருகில் எல்லோருக்கும் தெரிந்த கோயிலோ பள்ளியோ பேருந்து நிறுத்தமோ எது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் நாலைந்து நகர்கள் இருக்கும் ஊரில் ‘ரெண்டாவது கிராஸ்’ என்று மட்டும் சொன்னால் வண்டி ஓட்டுநருக்கு ஒன்றும் விளங்காது. எதிர்முனையில் இருப்பவர் போதும் என்று சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்கக் கூடாது. தெருமுனையில் ஒருவர் நின்று வண்டிக்கு வழிகாட்டினால் பல நிமிடங்கள் மிச்சமாகும்.

வண்டியை அழைத்தால் கட்டணம் செலுத்த வேண்டுமா?

தீ விபத்துக்கும் உயிர்மீட்புக்கும் கட்டணம் கிடையாது. கூட்டம், கண்காட்சி போன்ற நிகழ்ச்சிகளுக்கு முன்னெச்சரிக்கையாக வண்டியை நிறுத்தி வைக்கக் கோருவோர் அதற்குரிய கட்டணத்தை அரசுக்குச் செலுத்த வேண்டும்.

வண்டி வந்த சற்று நேரத்திலேயே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று மக்கள் கோபப்படுகிறார்களே, அது நியாயமா?

கோபம் புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். வழக்கமான தீயணைப்பு ஊர்தியின் தொட்டி சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். ஒரு குழாய்முனை நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் பீய்ச்சும். இரண்டு குழாய்களை முழுமையாகத் திறந்தால் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் தொட்டி வற்றிவிடும். முதல் வண்டி தன் தொட்டியை நம்பி வருவதில்லை; ஊரில் தண்ணீர் இருக்கும் என்று நம்பி வருகிறது.

அந்த நம்பிக்கை வளரும் ஊர்களில்தான் பொய்த்துப்போகிறது. பழைய ஊரில் தெருவுக்கொரு திறந்த கிணறு இருந்தது, ஏரிக்கரை வரை வண்டி போயிற்று. இப்போது கிணறுகள் மூடப்பட்டு, பல நூறு அடி ஆழத்து ஆழ்துளைக் கிணறுகள் வந்துவிட்டன. தீயணைப்பு வண்டியின் பம்பு உறிஞ்சுகுழாய் வழியாகத் தண்ணீரை மேலே இழுப்பது ஏழு மீட்டர் உயரம் வரைதான் நடைமுறையில் இயலும். காற்றழுத்தம் அதற்கு மேல் இடம்கொடுக்காது. ஆகவே ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஊறினாலும் அதிலிருந்து தீயணைப்பு வண்டி நேரடியாக ஒரு சொட்டும் எடுக்க முடியாது.

இராமநாயக்கன் ஏரி போன்ற நீர்நிலைகளைச் சுற்றி நடைபாதையும் கம்பி வேலியும் அமைக்கும்போது, ஒரு கனரக வண்டி கரையோரம் நின்று குழாயை இறக்குவதற்கு ஓர் உறுதியான சரிவுப்பாதையையும் பூட்டில்லாத ஒரு வாயிலையும் விட்டுவைப்பது பெரிய செலவில்லை. அழகுபடுத்தும் பணிகளின் மதிப்பீட்டில் இந்த ஒரு வரி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதுதான் வருத்தம். அடுக்குமாடி வளாகங்கள் தங்கள் தரைத்தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, அதன் மேல் கார் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டாலே அடுத்த தெருவில் நடக்கும் தீக்கும் அந்தத் தண்ணீர் உதவும்.

எங்கள் தெருவுக்குள் தீயணைப்பு வண்டி வருமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வரைபடத்தில் 23 அடி என்று இருக்கும் தெரு, மீட்டரில் ஏழு. இரண்டு பக்கமும் வீட்டு வாசலின் சாய்தளம் முக்கால் மீட்டர் வீதம் தெருவுக்குள் நீண்டிருந்தால் மீதம் ஐந்தரை. இரு பக்கமும் கார் நின்றால் இன்னும் மூன்றரை மீட்டர் போய்விடும். எஞ்சுவது இரண்டு மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலம் இரண்டரை மீட்டர்.

அகலம் போதுமானதாக இருந்தாலும் உயரம் கெடுத்துவிடும். தாழ்வாகத் தொங்கும் கேபிள் கம்பிகள், தெருமுகப்பில் நலச் சங்கம் ஆசையோடு கட்டிய அலங்கார வளைவு, இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும் இரும்புக் கதவு ஆகிய மூன்றும் ஓசூரின் புதிய மனைப்பிரிவுகளில் சாதாரணமாகக் காணப்படுபவை. நலச் சங்கம் ஒன்று கூடி, தெருவின் ஒரு பக்கம் மட்டுமே வாகனம் நிறுத்துவது என்று முடிவெடுத்தால், எந்த அரசாணையும் இல்லாமலே பாதி சிக்கல் தீர்ந்துவிடும். அந்த ஒரு முடிவுக்கு அண்டை அயலாரைச் சம்மதிக்கவைப்பது புதிய நிலையம் வாங்கி வருவதைவிடக் கடினம் என்று சங்கச் செயலாளர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கட்டாயமா?

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள கட்டடம் உயர்மாடிக் கட்டடம் ஆகும்; அதற்கு வரைபட அனுமதி பெறும் கட்டத்திலேயே தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று தேவை. தேசியக் கட்டட நெறிமுறை, உயர்மாடிக் கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி சென்று திரும்ப 6 மீட்டர் திறந்தவெளியைக் கேட்கிறது. அந்த ஆறு மீட்டரைத்தான் பல வளாகங்கள் பின்னாளில் பூங்காவாகவும் விருந்தினர் வாகன நிறுத்துமிடமாகவும் ஆக்கிக்கொள்கின்றன. சான்று கோப்பில் இருக்கும், வழி மண்ணில் இருக்காது.

மருத்துவமனை, பள்ளி, திருமண மண்டபம், திரையரங்கு போன்றவை உயரம் குறைவானவையாக இருந்தாலும் தீயணைப்புச் சான்றும் அதன் புதுப்பித்தலும் அவற்றுக்குப் பொருந்தும். இவற்றுக்கான அதிகாரம் 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்திலிருந்தும் அதன்கீழ் வந்த 1990ஆம் ஆண்டின் விதிகளிலிருந்தும் வருகிறது. வீடு வாங்குவோர் விலைப் பத்திரத்தைப் படிக்கும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையாவது கட்டட நிறைவுச் சான்றிதழையும் தீயணைப்புச் சான்றையும் கேட்டு வாங்கிப் படிப்பதில் காட்ட வேண்டும்.

அடுக்குமாடியில் தீ பற்றினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

லிஃப்ட்டில் ஏறக் கூடாது. 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏற்பட்ட தீயில் ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தனர். லிஃப்ட்டில் சிக்கிப் புகையில் மூச்சுத்திணறியவர்கள் அவர்களில் இருந்தனர். தீயில் இறப்போரில் பலரைக் கொல்வது சுடர் அன்று, புகை. ஆகவே படிக்கட்டு வழியே கீழே இறங்க வேண்டும். படிக்கட்டிலும் புகை நிறைந்திருந்தால் வீட்டுக்குள் திரும்பிக் கதவைச் சாத்தி, கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்து, சாலைப் பக்கத்துப் பால்கனியில் நின்று அடையாளம் காட்ட வேண்டும். மொட்டைமாடிக்கு ஓடுவது பல வளாகங்களில் பயனற்றது, ஏனெனில் அதன் கதவு பூட்டியிருக்கும்.

அந்தப் பூட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரில் கார்ல்டன் டவர்ஸ் என்னும் வணிகக் கட்டடத்தில் தீப்பிடித்தபோது ஒன்பது பேர் இறந்தனர். அவசர வழிகள் அடைபட்டிருந்ததும் புகை மேல்மாடிகளை நிறைத்ததும் சேர்ந்து, சிலரைச் சன்னலுடைத்துக் குதிக்க வைத்தன. திருடன் பயத்தால் பூட்டப்படும் கதவைத் தீயின் போது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றுவது ஒரு தச்சரின் அரைநாள் வேலை. படிக்கட்டுத் தளங்களில் செருப்பு அலமாரி, பழைய மிதிவண்டி, அட்டைப்பெட்டி ஆகியவற்றை அடுக்கி வைப்பதையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் விடுதிகள் பெருகிவிட்டன. அவை பாதுகாப்பானவையா?

ஓசூரைச் சுற்றியுள்ள மின்னணு ஆலைகளில் பணிபுரிய வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வரும் பெண்களுக்காக வீடுகளே விடுதிகளாக மாறிவருகின்றன. நான்கு பேர் குடும்பத்துக்கென்று இழுத்த மின்கம்பியில் முப்பது பேரின் மின்விசிறியும் வாட்டர் ஹீட்டரும் குளிர்பதனப் பெட்டியும் இயங்கும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பொறியியல் படிக்கத் தேவையில்லை. 2024 செப்டம்பர் 12 அன்று மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் அதிகாலையில் குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியதில் இரண்டு பெண்கள் இறந்தனர்.

மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, இத்தகைய விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். மகளை விடுதியில் சேர்க்கும் பெற்றோர் உணவையும் வாடகையையும் விசாரிப்பதோடு, உரிமம் உண்டா என்பதையும், இரண்டாவது வெளிவழி எங்கே என்பதையும், இரவில் சன்னல் கம்பிகளை உள்ளிருந்து திறக்க முடியுமா என்பதையும் நேரில் பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும். அறிவிப்புப் பலகை தமிழில் மட்டும் இருந்தால் ஒடியாவோ இந்தியோ பேசும் பெண்ணுக்கு அது சுவரில் மாட்டிய வெறும் படம்தான்.

தொழிற்சாலையில் பெருந்தீ ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது?

2024 செப்டம்பர் 28 அதிகாலையில் ஓசூர் அருகே கைபேசி உதிரிபாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ரசாயனம் வைத்திருந்த பகுதியில் தீப்பற்றியது. தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டனர், உயிரிழப்பு இல்லை, உற்பத்தி நின்றது. அதன் பிறகு ஓசூரில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது.

ஆலைக்குள் முதல் பொறுப்பு ஆலை நிர்வாகத்தினுடையது. அதை மேற்பார்வையிடுவது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தீயணைப்புத் துறையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் ஆலையின் அன்றாடப் பாதுகாப்பை ஆய்வு செய்யும் முதன்மை அதிகாரம் அந்த இயக்ககத்திடம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான பொருள்களை வைத்திருக்கும் ஆலை, தன் வளாகத்துக்குள் அவசரகாலத்தில் செய்ய வேண்டியதற்கு எழுத்துப்பூர்வமான திட்டம் வைத்திருக்க வேண்டும். வேலிக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தினுடையது. ஆலையை ஒட்டியுள்ள கிராமத்து மக்களுக்கு எந்த ரசாயனம் எரிந்தால் எந்தத் திசையில் நகர வேண்டும், வாயிலை மூடிக்கொண்டு உள்ளே இருப்பதா வெளியேறுவதா என்பது ஒத்திகை மூலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த விதியின் நோக்கம். வேலிக்கு உள்ளே மட்டும் நடக்கும் ஒத்திகை அந்த நோக்கத்தில் பாதியைக்கூட நிறைவேற்றாது.

பட்டாசுக் கடைகள் பற்றி ஓசூர் மக்களுக்கு ஏன் இவ்வளவு அச்சம்?

2023ஆம் ஆண்டே போதிய காரணம். அந்த ஆண்டு ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து ஒன்பது பேர் இறந்தனர். அருகிலிருந்த உணவகக் கட்டடமும் இடிந்தது. அக்டோபர் 7 அன்று, எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் உள்ள அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பற்றிய தீயில் அன்றே 14 பேர் மாண்டனர். தீபாவளிக்காலச் சில்லறை வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்களே அவர்களில் மிகுதி.

2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தற்காலிகக் கடைகளுக்குத் தெளிவான அளவுகளைச் சொல்கின்றன. கொட்டகை எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளியும், குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து 50 மீட்டர் தொலைவும் வேண்டும். கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கக் கூடாது. ஒரு தொகுப்பில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. மூன்று மீட்டர் என்பது பத்து அடிக்குச் சற்றுக் குறைவு, எனவே நடந்து பார்த்தே கணக்கிட்டுவிடலாம். குறைவாகத் தோன்றினால் வட்டாட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவிக்கலாம்.

மின்-ஸ்கூட்டரை இரவில் வீட்டுக்குள் சார்ஜ் செய்யலாமா?

வெளியேறும் வழியில் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதே இதற்கான முதல் விதி. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த மின்-வண்டியில் தீப்பற்றி, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தனர். லித்தியம் பேட்டரித் தீயின் புகை நச்சுத்தன்மை மிக்கது. சுடர் அணைந்த பிறகும் உள்ளே வெப்பம் தொடர்ந்து மீண்டும் பற்றக்கூடும். காற்றோட்டமான, கூரையிட்ட வெளிப்புறத்தில், நிறுவனம் தந்த சார்ஜரைக் கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றுவதே சரி. அடிபட்ட, உப்பிய, நீரில் மூழ்கிய பேட்டரியைத் தொடாமல் சேவை மையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

சமையல் எரிவாயுக் கசிவு தெரிந்தால்?

எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. அணைப்பதிலும் பொறி உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே தரையோரம் தேங்கும். கதவு சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லோரும் வெளியேறிய பின் வெளியில் நின்று 1906ஐ அழைக்க வேண்டும். ரப்பர் டியூப்பை ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டிய ஆண்டு டியூப்பின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். மின்கம்பி தொடர்பான ஆபத்துக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

வீட்டுக்கு எந்தத் தீயணைப்பான் வாங்க வேண்டும்?

மரம், எண்ணெய், மின்சாரம் ஆகிய மூன்று வகைத் தீக்கும் பயன்படும் ஏ.பி.சி. வகைத் தூள் தீயணைப்பான், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன், நான்கு கிலோ அளவில் போதும். வாங்கியதும் அதைச் சமையலறைக்குள் மாட்டாமல் வாசலுக்கு அருகே மாட்ட வேண்டும். எரியும் அடுப்பைத் தாண்டிச் சென்று எடுக்க முடியாது. ஊசியைப் பிடுங்கி, முனையைச் சுடரின் உச்சிக்கு அன்றி அதன் அடிப்பகுதிக்குக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். பத்துப் பதினைந்து விநாடிகளில் தூள் முழுவதும் தீர்ந்துவிடும் என்பது பலருக்கு அதை முதன்முறை பயன்படுத்தும்போதுதான் தெரிகிறது. கடாய் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் தட்டால் மூடி அடுப்பை அணைப்பதே போதும்.

பாம்பு, கதண்டு, கிணற்றில் விழுந்த மாடு ஆகியவற்றுக்கும் தீயணைப்புத் துறையை அழைக்கலாமா?

அழைக்கலாம், துறையின் பெயரிலேயே மீட்புப் பணியும் உண்டு. ஏரி வாய்க்கால்கள் மனைகளாகும் ஊரில் பாம்பு வீட்டுக்குள் வருவது கூடிக்கொண்டே போகும். யானைக் கூட்டம் என்றால் வனத்துறையைத்தான் அழைக்க வேண்டும். ஒரு நிலையத்தின் ஒரே குழு பாம்பு பிடிக்கப் போயிருக்கும் நேரத்தில் தீ அழைப்பு வருவதும் உண்டு என்பதை நினைவில் வைத்து, தேவையுள்ளபோது மட்டும் அழைப்பது நலம்.

பள்ளிகளிலும் சங்கங்களிலும் பயிற்சி நடத்தித் தருவார்களா?

நிலைய அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால், பணி நெருக்கடியைப் பொறுத்து நாள் ஒதுக்கி ஒத்திகை நடத்துவார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகக் கப்பல் வெடிப்பில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரமாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் அப்போது பள்ளிகள் ஆண்டுத் தேர்வில் இருக்கும். ஜூன், ஜூலையில் கேட்பதே பள்ளிகளுக்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டில் பள்ளி அங்கீகாரத்தோடு தீயணைப்புச் சான்றை இவ்வளவு கண்டிப்பாகக் கேட்பதன் பின்னணியில் 2004 ஜூலை 16 இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் அன்று 94 குழந்தைகள் எரிந்து மாண்டனர். அதே ஆண்டு ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுக்கொட்டகை பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓசூர் மண்டபங்களில் கீற்று இப்போது அரிது. அதன் இடத்தைத் துணிப்பந்தலும் தெர்மோகோல் அலங்காரமும் பிடித்துள்ளன, அவையும் நன்றாகவே எரியும்.

இத்துறையில் வேலைக்குச் சேர என்ன தகுதி?

தீயணைப்பாளர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வோடு சேர்த்தே ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு 1,500 மீட்டர் ஓட்டமும் கயிறேறுதலும் உண்டு. அதிகாரி நிலையில் பெண்கள் குரூப் 1 தேர்வு வழியாக வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2012 ஜனவரியில் சென்னை எழிலகத் தீயில் களத்தில் நின்று படுகாயமடைந்த பிரியா ரவிச்சந்திரன் அவர்களில் ஒருவர்.

விமான நிலையம் வந்தால் ஊருக்குத் தீயணைப்பு வசதி கூடுமா?

ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். விமான நிலையத்தின் தீயணைப்புக் குழு ஓடுபாதையின் எந்த முனையையும் மூன்று நிமிடத்துக்குள் அடைய வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதனால் அந்தக் குழு தன் இடத்தை விட்டு ஊர்த் தீக்கு எளிதில் வர இயலாது. ஊருக்கு அதனால் வரப்போவது மேலும் விடுதிகளும் கிடங்குகளும் உயர்மாடிகளும்தான். ஆகவே நகரின் நிலையங்களைத் தனியே திட்டமிட்டாக வேண்டும்.

தீ விபத்துக்குப் பிறகு காப்பீடும் நிவாரணமும் பெற என்ன ஆவணம் தேவை?

காப்பீட்டு நிறுவனங்கள் தீயணைப்புத் துறையின் தீ அறிக்கையைக் கேட்கும். ஆகவே தீ தானாக அணைந்துவிட்டாலும், அக்கம்பக்கத்தினர் அணைத்துவிட்டாலும் நிலையத்துக்குத் தகவல் தந்து பதிவு செய்துவிட வேண்டும். அழைக்காத தீக்கு அறிக்கை கிடைக்காது. குடிசை எரிந்தோருக்கான அரசு நிவாரணம் வருவாய்த் துறை வழியாக வருகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். பார்வையிட வருவதற்கு முன் எரிந்த பொருள்களை அப்புறப்படுத்தாமல் கைபேசியில் படம் எடுத்து வைப்பது பிற்பாடு உதவும்.

எங்கள் பகுதிக்கு நிலையமோ நீர் எடுக்கும் வசதியோ வேண்டுமென்று யாரிடம் கேட்பது?

புதிய நிலையம் அமைப்பது மாநில அரசின் முடிவு. திங்கட்கிழமைகளில் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அது தீயணைப்புத் துறைக்கு அனுப்பப்படும். ஏரிக்கரைச் சரிவுப்பாதை, தெரு ஆக்கிரமிப்பு, பெயர்ப்பலகை ஆகியவை மாநகராட்சியின் வேலை. இவற்றை, வார்டின் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும், 2022இல் நடைமுறைக்கு வந்த பகுதி சபைக் கூட்டத்தில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேட்கலாம். புதிய மனைப்பிரிவில் நிலையத்துக்கு இடம் ஒதுக்குவது திட்டமிடும் குழுமத்தின் கையில் இருக்கிறது. நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படும் காலத்துக்குள் எழுத்துப்பூர்வமான ஆட்சேபத்தையோ ஆலோசனையையோ தந்தால்தான் அது கணக்கில் வரும். மனுவோடு தெருக்களின் அளந்த அகலம், குடியிருப்புகளின் எண்ணிக்கை, இருக்கும் நிலையத்திலிருந்து மாலை ஆறு மணி நெரிசலில் வண்டி வர ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் இணைத்துக் கொடுக்க வேண்டும்.